அக்கா நண்டு சாப்பிடாத அறுபது வருஷம்

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. திதி கொடுத்து, படையல் போட்டு, பந்தலுக்கு வந்த உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இந்த மலரைக் கொடுத்திருக்கிறோம். நினைவு மலரை யார் படிக்கிறார்கள், எனக்குத் தெரியாதா? படத்தைப் பார்ப்பீர்கள், நன்றி சொல்கிற இடத்தில் உங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று தேடுவீர்கள், பிறகு மடித்து விசிறிக்கொள்வீர்கள். இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து கடைசி வரி வரை படித்துவிடுங்கள்.

நான் அக்காவின் ஒரே தங்கை. மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பிறவியிலேயே சந்தேகக்காரி, என் பிள்ளைகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அக்காவின் சாவு வீட்டில்கூட யார் கண்ணில் நிஜமாகத் தண்ணீர் வந்தது, யார் வெறும் முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள் என்று பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். "துரைசாணிய போலீசுல காட்டிக் குடுத்தாங்களே, அந்தம்மாதான இது?" "ஆமா. அதான் சாவுற வரைக்கும் நண்டு துன்னல. பண்ண பாவம் சும்மா வுடுமா?" பேசியவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அறுபது வருஷமாக ஊரே அப்படித்தான் பேசுகிறது. அது உண்மையா இல்லையா என்று சொல்லக்கூடிய ஆள் இன்று நான் ஒருத்திதான் மிச்சம்.

அக்கா பிறந்தது பழவேற்காட்டு ஏரிக்கரைத் தோணிரேவில். எங்கள் நைனாவுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. கழுத்தில் ஓலைப்பறிக் கூடையைக் கட்டிக்கொண்டு, ஏரித் தண்ணீரில் உட்கார்ந்த மேனிக்கே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவர். அவர் காய்ச்சலில் போனபோது அக்காவுக்குப் பதிமூன்று வயது, எனக்குப் பதினொன்று. அம்மா முழங்கால் வாதத்தில் படுத்துவிட்டார். காரியம் முடிந்த மறுநாளே அக்கா நைனாவின் பறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினார். கெளுத்தி முள் குத்தி விரல் வீங்கினாலும் மறுநாள் இறங்குவார். என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தச் சொன்னவர்களிடம், "அவ படிக்கட்டும், எனக்குக் கை ரெண்டு கீது" என்று சொல்லிவிட்டார். கோபம் வந்தால் அக்கா பேச மாட்டார். எனக்குக் கோபம் வந்தாலும் பேச்சு, பயம் வந்தாலும் பேச்சு. கெட்டது அதனால்தான்.

துரைசாணி வந்தது யுத்த காலத்தில். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸ் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டிருந்த சமயம். ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு மரைக்காயரின் வீடு காலியாகக் கிடந்தது. அதில் அவர் தனியாகக் குடி வந்தார். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு. ஒரு தகரப் பெட்டி, ஒரு தோல் பை, அவ்வளவுதான் சாமான். பழவேற்காட்டில் வெள்ளைத் தோலோடு யார் வந்து இறங்கினாலும் நமக்கு அவர் ஒல்லாந்துக்காரர்தான். முப்பாட்டன் கல்லறையைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுவோம். ஊர்ப் பெரியதனக்காரர் போய், "ஒல்லாந்தா?" என்று கேட்டாராம். துரைசாணி தலையை ஆட்டினாராம். தோல் பையில் பல் பிடுங்குகிற சாமான் இருந்தது. பெரியதனக்காரரின் கடைவாய்ப் பல்லை அவர் வலிக்காமல் எடுத்துக் கொடுத்ததும் ஊருக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வீட்டுக்குத் தினம் மீன் கொடுத்தது அக்கா. இறால் கொண்டு போனால் துரைசாணி வேண்டாம் என்பார். நல்ல கொழுத்த நண்டைக் காட்டினாலும் வேண்டாம். கெளுத்தியும் வேண்டாம். மடவை என்றால் மட்டும் வாங்கிக்கொள்வார். வலைக்காரர்களிடம் இறாலைக் கொடுத்து அக்கா மடவை மாற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். துரைசாணிக்கு இத்தனை சிரமம் எடுக்கிறாரே, நமக்கு என்றைக்காவது எடுத்தாரா என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். ஏரிக்கரையில் நாலு பெண்கள் கூடியிருந்தபோது நான்தான் சொன்னேன்: "அந்தம்மா நண்டு, இறாலு ஒண்ணையும் வாயில வெக்காது தெரியுமா?" எனக்கு ஒரு சேதி தெரியும் என்கிற பெருமை, வேறொன்றும் இல்லை.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஏரியில் ஆள் மூழ்கிப் போனால், உடல் கிடைத்துக் காரியம் முடியும் வரை எங்கள் பக்கத்தில் நண்டும் இறாலும் சாப்பிட மாட்டோம். அவை அடிச்சேற்றில் மேய்கிறவை, எதைத் தின்றிருக்கும் என்று யார் கண்டது? மீனுக்கு அந்தத் தடை இல்லை. இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருத்தி மீன் சாப்பிடுகிறாள், நண்டும் இறாலும் தொடமாட்டேன் என்கிறாள். வேறு ஊரில் அதை நாக்கு ருசி என்று விட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தண்ணீருக்குள் பிணம் கிடக்கிறது, அது அவளுக்குத் தெரியும்.

அப்புறம் பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? எவனையோ கொன்று ஏரியில் அமுக்கிவிட்டாள் என்றார்கள். ஜப்பான்காரன் கப்பலுக்கு வழி காட்ட வந்தவள் என்றார்கள். பகலெல்லாம் கல்லறை எழுத்தைப் படிக்கிற மாதிரி உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கிறாள் என்றார்கள். பொன்னேரிச் சந்தை வரை சேதி போய், எங்கள் ஏரி இறாலை ஜனங்கள் கையால் தொடவில்லை. கையால் பிடித்துப் பிழைத்த குடும்பங்களில் அடுப்பு எரியவில்லை. பெரியதனக்காரர் அக்காவைக் கூப்பிட்டு, "அந்தம்மா ஏன் துன்ன மாட்டேன்றாங்கன்னு நீயே கேட்டுச் சொல்லு. அமாவாசைக்குள்ள பதில் வரலைன்னா போலீசு சாவடியில சொல்லி அவங்கள அனுப்பிச்சிடுவோம்" என்றார்.

அக்கா மறுநாள் காலையில் போனார். என்னை வீட்டில் இருக்கச் சொன்னார். நான் இருப்பேனா? துரைசாணியிடம் எனக்குத் தெரியாமல் ஏதாவது வாங்கிக்கொள்கிறாரோ என்று சந்தேகம். பின்னாலேயே போய் ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டேன்.

"ஊர்ல ஒரே பேஜாரா கீதும்மா. நண்டு ஏன் துன்ன மாட்டேன்றீங்க? அத மட்டும் சொல்லிடுங்க" என்றார் அக்கா.

துரைசாணிக்குத் தமிழ் வரும். மெட்ராசில் இரண்டு வருஷம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் பல் பார்த்தவர். "எங்க ஜாதிக்கு ஆகாது. செதில் இருக்கிற மீன் மட்டும்தான்" என்றார்.

"இவ்ளோதானா? இத சொல்றதுக்கு இன்னா?"

"ஜாதி பேர் சொன்னால் எங்க ஊரில் உயிர் போகும்."

பிறகு அவர் சொன்னதை நான் ஒன்றுவிடாமல் கேட்டேன். அவர் ஒல்லாந்துக்காரர் இல்லை. ஜெர்மனிக்காரர், யூதர். "வேதத்துல வருவாங்களே, அவங்களா?" என்று அக்கா கேட்டார். அவர்களேதான். அங்கே ஆட்சிக்கு வந்தவன் யூதர்களை எல்லாம் பட்டியல் எடுத்தானாம். பல் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று இவர் வாசல் பலகையைக் கழற்றினார்களாம். பூங்காவில் பெஞ்சியில் உட்காரக் கூடாது, பிள்ளைகள் மற்ற பிள்ளைகளோடு படிக்கக் கூடாது. ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிற நாடோடிகளையும் அடைத்தார்களாம். "அவங்க இன்னா பண்ணாங்க?" என்றார் அக்கா. "நாங்க என்ன செஞ்சோம்?" என்றார் துரைசாணி. இவர் புருஷனை ஒரு நாள் காலையில் வந்து கூட்டிப் போனார்கள். சில வாரம் கழித்து டப்பாவில் சாம்பல் வந்தது. எழுதிப் போட்டுக் காட்டிக் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெண், இவரிடமே பல் கட்டிக்கொண்டவள். இவர் தங்கைக்குக் கடவுச்சீட்டு கிடைக்கவில்லை, அங்கேயே மாட்டிக்கொண்டாள். கடிதம் நின்று போயிருந்தது.

"முன்னே நண்டு, இறால் எல்லாம் சாப்பிடுவேன்" என்று துரைசாணி சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். "யூதர், யூதர் என்று சொல்லித் துரத்தின பிறகுதான் நிறுத்தினேன். மற்றது எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். இதை நானே வைத்துக்கொண்டேன்."

யுத்தம் வந்த பிறகு இங்கே வெள்ளைக்காரச் சர்க்காருக்கு அவர் வெறும் ஜெர்மனிக்காரர், எதிரி தேசத்து ஆள். யூதர் என்றால்கூட முதலில் அடைத்துப் போட்டுத்தான் விசாரிப்பார்கள். கடற்கரைப் பக்கமே வரக்கூடாது. அதனால்தான் ஒல்லாந்தா என்று கேட்டபோது தலையை ஆட்டியிருக்கிறார். "உனக்கு மட்டும்தான் சொல்கிறேன்" என்றார். அக்கா அவர் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "யக்கா, ஜெர்மனி எங்க கீது?" என்றேன். நான் ஒட்டுக்கேட்டது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பிறகு அதே சத்தியத்தை என்னிடமும் வாங்கினார்.

ஊருக்கு என்ன பதில் சொல்வது? அதுவரை பொய் சொல்லாத அக்கா பெரியதனக்காரர் முன்னால் நின்று, "அவங்க தங்கச்சி சண்டை நடக்கிற ஊர்ல மாட்டிக்கினாங்க. நல்லபடியா வந்து சேரணும்னு நண்டும் இறாலும் வுட்டுட்டாங்க. வேண்டுதலு" என்றார். பெண்களுக்கு உடனே புரிந்துவிட்டது. வேண்டுதலுக்கு வாயைக் கட்டாத வீடு எங்கள் பக்கத்தில் ஏது? "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா, பாவம்" என்று சொல்லி அவரவர் வீட்டிலிருந்து மடவை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சந்தையில் மறுபடி இறால் போனது. பிள்ளைகள் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு துரைசாணி வீட்டில் வரிசையாக நின்றன.

எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தோம். அந்த மாதம்தான் எனக்கு லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து சம்பந்தம் வந்தது. அம்மாவைப் பார்க்க ஆள் வேண்டும், முதலில் தங்கச்சிக்கு ஆகட்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். கருவாடு போடுகிற வீடு, எங்களைவிட வசதி. மாப்பிள்ளையைத் திருவிழாவில் பார்த்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்? அவருடைய தாயார் வெற்றிலைத் தட்டோடு வந்தார். அக்கா ஏரியில் இருந்தார், அம்மா படுத்திருந்தார். அந்த அம்மாள் என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி. "வெள்ளக்காரி எந்தச் சாமிக்கு நண்டு வுடுவா? இன்னாத்தையோ மூடி மறைக்கிறீங்க. உங்கக்கா அந்த வூட்டுல பொழங்குறா. நாளைக்கு ஏரியில இன்னா கெடைக்குமோ. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேணாம்மா" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "அய்யோ அத்தே, பொணமும் இல்ல ஒண்ணும் இல்ல. அவங்க யூத ஜாதி, அதான் துன்ன மாட்டாங்க. ஒல்லாந்தே இல்ல, ஜெர்மனியிலேந்து உயிருக்குப் பயந்து ஓடியாந்தவங்க." எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் உட்கார்ந்தார். தட்டைக் கீழே வைத்தார். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம்கூடப் பண்ணினார். தன் அண்ணனிடம் மட்டும் சொன்னார். அண்ணன் போலீஸ் சாவடியில் உட்கார்ந்து பேசுகிற ஆள். அந்த அம்மாள் உங்களில் பல பேருக்குப் பாட்டி. அவரைத் திட்டாதீர்கள். சத்தியத்தை முதலில் மீறியது நான்.

எட்டாம் நாள் காலையில் போலீஸ் வந்தது. துரைசாணி தகரப் பெட்டியோடு வெளியே வந்தபோது ஊரே கூடி நின்றது. அவர் யாரையும் பார்க்கவில்லை. அக்காவுக்கு முன்னால் மட்டும் நின்று, "நீயா?" என்று கேட்டார். அந்த ஒரே ஒரு வார்த்தைதான். வேறு யாரிடமும் அவர் சொல்லவில்லையே, யாரைக் கேட்பார்? நான் அக்காவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. இல்லை என்று அக்கா சொன்னால் அடுத்த கேள்வி யார் என்றுதானே வரும்? அக்கா வாயைத் திறக்கவில்லை. துரைசாணி படகில் ஏறினார்.

அன்றைக்கே ஊர் கூடியது. ஊரைக் கேட்காமல் சர்க்காரிடம் சேதி கொண்டு போவது எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம். அதற்கு விலக்கி வைப்பார்கள். எதிரி நாட்டுக்காரியை ஒளித்து வைத்தீர்கள் என்று போலீஸ்காரர்கள் பெரியதனக்காரரை எல்லார் முன்னாலும் மரியாதையில்லாமல் பேசியிருந்தார்கள். அவர் கொதித்துப் போயிருந்தார். "சொன்னது யாரு?" என்றார். என் பெயர் வந்தால் என்னை விலக்கி வைப்பார்கள், சம்பந்தம் போச்சு. பத்து நாளில் கல்யாணம். சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது, நான் உட்கார்ந்தே இருந்தேன். அக்கா எழுந்து நின்று, "நான்தான்" என்றார்.

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

ஆறு மாதம் அக்காவை விலக்கி வைத்தார்கள். ஒரு வீட்டிலும் நெருப்பு கொடுக்கவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, அவர் பிடித்த இறாலை வாங்கவில்லை. தன் அண்ணன் பெயர் வந்துவிடும் என்று என் மாமியாரும் எதையும் வெளியே விடாமல் கல்யாணத்தை நடத்தினார். அதற்கு அக்கா வரக் கூடாது. அம்மாவை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்தார்கள்; என் தாலியை அக்கா பார்க்கவில்லை. ஆறு மாதம் முடிந்த பிறகும் அக்காவைக் கேட்டு யாரும் வரவில்லை. காட்டிக் கொடுத்தவளை எந்த வீட்டில் கட்டுவார்கள்? எனக்கு ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். அக்கா தனி ஆளாக ஏரியில் இறங்கி, அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தார். என் பிள்ளைகளின் ஒவ்வொரு காதுகுத்துக்கும் வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போனார்.

போலீசில் இருந்த ஒருவர் பிற்பாடு சொன்ன சேதி இது. துரைசாணியை வடக்கே எங்கோ முகாமில் வைத்தார்களாம். அங்கே ஜெர்மனிக்காரர்களும் இருந்தார்களாம், அந்த ஆட்சியைக் கும்பிடுகிறவர்கள் உட்பட. யாருக்குப் பயந்து கடல் தாண்டி வந்தாரோ அவர்களோடு ஒரே வேலிக்குள். அதைக் கேட்ட நாளில்தான் அக்கா நண்டையும் இறாலையும் விட்டார். தான் சொன்ன பொய் வேண்டுதலைத் தானே எடுத்துக்கொண்டார், துரைசாணிக்காகவும் அவர் தங்கைக்காகவும். யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் ஒரு பத்திரிகையில் அந்த நாட்டு முகாம்களின் படத்தைக் காட்டினார். குவித்துப் போட்ட செருப்புகள், அத்தனையும் செத்தவர்களுடையவை. அக்கா வெகு நேரம் பார்த்துவிட்டு, "இதுல அவங்க தங்கச்சிது இருக்குமா சிஸ்டர்?" என்று கேட்டார். சிஸ்டர் பத்திரிகையை மடித்து வைத்தார். துரைசாணியிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. கல்யாண வீடுகளில் நண்டு வறுவலை அக்கா ஒதுக்கி வைத்ததைப் பார்த்து நீங்கள் எல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டீர்கள், பாவம் செய்தவள் என்று. அந்தக் கணக்கை நானும் திருத்தவில்லை.

சொன்னது நான்தான் என்று அக்கா தெரிந்துதான் செய்தாரா, என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவருக்குச் சாதம் இறங்கவில்லை. உடம்புக்குத் தெம்பு வரட்டும் என்று நண்டு ரசம் வைத்துக் கொண்டு போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவங்க இன்னும் வரலியே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஊரு இன்னா வேணா பேசட்டும். அந்தம்மா நான்தான்னு நெனச்சிக்கினே போய்ட்டாங்க பாரு, அது ஒண்ணுதான்டி" என்றார். நான் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழத்தான் முடிந்தது. மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

அக்காவின் கடைசி நாட்களில் கூட இருந்தவர்களுக்கு நன்றி சொல்லாவிட்டால் அவரே என்னைக் கோபிப்பார். ராத்திரி பகல் பார்க்காமல் கவனித்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், அனுப்பம்பட்டிலிருந்து வேலையை விட்டுவிட்டு வேன் எடுத்து வந்த என் இளைய மகனுக்கும், மழையில் பாடை தூக்கிய தோணிரேவு இளைஞர்களுக்கும், இன்று பந்தல் போட்டுப் பந்தி பரிமாறுகிறவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. இதை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்று என் பெரிய மகன் மூன்று தடவை சொன்னான், குடும்ப மானம் போகும் என்று. அக்காவுடைய மானம் யாருடையதாம்?

துரைசாணி இன்று இருந்தால் நூறைத் தாண்டியிருப்பார். அவருக்கு இனி யாரும் சேதி சொல்ல முடியாது. உங்களுக்குச் சொல்லலாம், சொல்லிவிட்டேன். காட்டிக் கொடுத்தது யார் என்கிற பேச்சில் இனிமேல் யாரும் அக்கா பெயரை எடுக்க வேண்டாம். நீங்கள் இதைப் படித்து முடிக்கிறபோது நான் இந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருப்பேன். என்னிடம் வந்து, "நீயா?" என்று கேளுங்கள். இந்தத் தடவை பதில் சொல்கிறேன்.